கிணற்றை மூடுவதும் கடனே

சில வாரங்களுக்கு முன் ஓர் அஸர் தொழுகைக்குப் பின் கருணாபுரத்தில் மூன்று சகோதரர்கள் நம்மைத் தேடி வந்தனர். அவர்களுடைய தகப்பனார் காலமாகி நாற்பது நாட்கள் ஆகியிருந்தன. கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள புஞ்சைக் காட்டில் கொஞ்சம் நிலம், ஒரு வீடு, கையிருப்பாகச் சிறிது பணம் ஆகியவற்றை விட்டுச் சென்றிருக்கிறார். பங்கு பிரிப்பது பற்றிக் கேட்க வந்திருந்தார்கள். கபன் செலவு கழிந்தது, கடைக்காரர் பாக்கி கழிந்தது, வஸிய்யத் எதுவும் இல்லை என்று மூத்தவர் கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் இளையவர் குறுக்கிட்டார்.

"ஹஜ்ரத், அத்தா நாலு போர் போட்டாங்க. ஒண்ணுலதான் தண்ணி வந்துச்சு. மத்த மூணையும் சாக்கு போட்டுக் கட்டி வச்சிருக்கு. அதுல ஒண்ணு வரப்புக்கு வெளியே, பிள்ளைங்க பள்ளிக்கூடம் போற பாதை ஓரத்துல இருக்கு. அதையெல்லாம் மூடற செலவு யார் பங்கு?"

மூத்தவர் சிரித்தார். "இதுவரைக்கும் யாரும் விழலையே தம்பி. விழுந்தா பார்த்துக்கலாம். இல்லாத கடனுக்கு ஏன் கணக்கு?"

இளையவர் காவிரிப் படுகையில் எண்ணெய்க் கிணறுகளில் கூலிக்குச் சென்று வருபவர். அவர் சொன்ன பதில் நம் உள்ளத்தில் தைத்தது. "அங்கே ஒரு கிணறு ஓஞ்சு போனா சிமெண்டை இறக்கி, அழுத்தம் பார்த்து, குழாயை வெட்டி, மேலே தகடு பத்த வச்சுத்தான் மூடணும்னு சட்டமே இருக்கு. நம்ம அத்தா தோண்டினதுக்கு மட்டும் சாக்கா?"

பார்ப்பதற்குச் சிறிய கேள்வி. ஆனால் அதற்குள் இன்றைய உலகம் கோடிக்கணக்கான பணத்துடன் மல்லுக்கட்டும் ஒரு பெரிய கேள்வி அடங்கியிருக்கிறது. பூமியைத் துளைத்துப் பயன் எடுத்தவன், பயன் தீர்ந்த பின் அந்தத் துளைக்குக் கடன்பட்டவனா? கேட்பதற்கு ஆளே வராத ஒன்றைக் கடன் என்று சொல்ல முடியுமா? இதையே இம்மாதம் வாசக சகோதர சகோதரிகளுடன் சேர்ந்து சிந்திக்க விழைகிறோம்.

ஓய்ந்த கிணறு ஓய்வதில்லை

முதலில் விஷயத்தைத் தெளிவாக அறிந்துகொள்வோம். எண்ணெய்க் கிணறு என்பது நாம் வாளி விட்டு இறைக்கும் கிணறு அன்று. ஆயிரக்கணக்கான அடி ஆழத்திற்கு இறங்கும் குறுகிய துளை அது. துளையின் சுவர் இடியாதிருக்க இரும்புக் குழாய்களை இறக்கி, அவற்றிற்கும் பாறைக்கும் இடையில் சிமெண்டைப் பாய்ச்சுவார்கள். அந்தத் துளை போகும் வழியில், மேலே நாம் குடிக்கும் நல்ல தண்ணீர் நிற்கும் மணற்படுகைகளும் உண்டு. கீழே உப்பு நீரும் எண்ணெயும் எரிவாயுவும் நிற்கும் பாறைகளும் உண்டு. அல்லாஹ் தடுப்பு வைத்துப் பிரித்து வைத்திருந்தவற்றின் ஊடே மனிதன் ஒரு பாதை போட்டிருக்கிறான்.

எண்ணெய் வருவது நின்றாலும் பாதை நிற்கிறது. இரும்பு துருப்பிடிக்கும், சிமெண்ட் விரிசல் விடும். கீழிருந்த வாயுவும் உப்பு நீரும் மெல்ல மேலேறி நல்ல நீரில் கலக்கலாம், காற்றிலும் கசியலாம். இந்த வாயுவின் பெரும்பகுதி மீத்தேன். இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால், பூமியைச் சூடாக்குவதில் இது கரியமில வாயுவைக் காட்டிலும் எண்பது மடங்குக்கும் மேல் வலியது என அறிஞர்கள் கூறுகின்றனர்.

ஆகவேதான் முறையாக மூடுவது ஒரு தனி வேலையாகிறது. எண்ணெய் இருந்த பாறைக்கு நேராக ஓர் அடைப்பு, நல்ல நீர் இருக்கும் இடத்திற்குக் காப்பாக ஓர் அடைப்பு, மேலே ஓர் அடைப்பு என்று சிமெண்டைப் படிப்படியாக இறக்க வேண்டும். அது தாங்குகிறதா என்று அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். தரைக்குக் கீழே குழாயை வெட்டித் தகட்டால் மூட வேண்டும். பிறகு கழிவுக் குட்டைகளைச் சுத்தம் செய்து, கொட்டிய ஜல்லியை அள்ளி, மண்ணைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கடலில் நிற்கும் மேடைகள் என்றால் செலவும் அபாயமும் பன்மடங்கு. நம் நாட்டின் மேற்குக் கடலில் தப்தி வயலின் உற்பத்தி 2016இல் நின்ற பிறகு, அங்கிருந்த ஐந்து கிணற்று மேடைகளைப் பெயர்த்து எடுத்ததுதான் இந்தியாவில் இவ்வகையில் முதலாவது எனச் சொல்லப்பட்டது.

இதில் ஒரு பைசா வருமானம் இல்லை. சோதனை இங்கேதான் இருக்கிறது. தோண்டும்போது ஆசை உந்தித் தள்ளுகிறது. மூடும்போது தள்ளுவதற்கு இறையச்சமும் சட்டமும் தவிர வேறெதுவும் இல்லை.

தோண்டிய நாளிலேயே பிறந்த கடன்

இனி, மூத்தவர் கேட்டதற்கு வருவோம். "யாரும் விழவில்லையே, பிறகு ஏது கடன்?"

நமது ஃபிக்ஹு நூல்கள் இந்தக் கேள்வியைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எடுத்துப் பேசியிருக்கின்றன. அதுவும் கிணற்றையே உதாரணமாக வைத்துப் பேசியிருக்கின்றன! ஒருவன் உரிமையில்லாமல் பொதுவழியில் ஒரு கிணறு தோண்டினான். பிறகு இறந்துவிட்டான். அவனை அடக்கிய பின், பிறருடைய ஆடோ மாடோ அதில் விழுந்து செத்தது. நஷ்டம் யாரைச் சாரும்? இறந்தவன்தான் புதிதாக எதுவும் செய்ய முடியாதவன் ஆயிற்றே! ஆயினும், அந்த நஷ்டஈடு அவன் விட்டுச் சென்ற சொத்திலிருந்தே கொடுக்கப்பட வேண்டும் என்று ஹனஃபி, ஷாஃபியீ இரு வழி இமாம்களும் எழுதியிருக்கிறார்கள். காரணம் என்ன? விழுந்தது இன்று, ஆனால் விழுவதற்கான காரணம் அவன் உயிரோடிருந்த அன்றே உண்டாகிவிட்டது. கடன் அந்தக் காரணத்தைப் பின்தொடர்கிறது. வாரிசுகள் பங்கிட்டுக்கொண்ட பிறகு இப்படியொரு கடன் வெளிப்பட்டாலும், அவர்கள் பெற்றுக்கொண்டதிலிருந்து அது அடைக்கப்பட வேண்டும்.

எவ்வளவு ஆழமான சிந்தனை பாருங்கள்! நாம் கடன் என்றால் நோட்டு எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, ஒருவர் வாசலில் வந்து நின்று கேட்பதைத்தான் நினைக்கிறோம். வாயில்லாப் பிராணிக்காகவும் முகம் தெரியாத அதன் சொந்தக்காரனுக்காகவும் கப்ரில் இருப்பவனின் சொத்து பொறுப்பேற்க வேண்டும் என்கிறது ஷரீஅத்.

"இன்னும் பிறக்காதவர்களுக்கு என்ன உரிமை?" என்று சிலர் கேட்கக்கூடும். தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தைக்காக ஒரு பங்கை நிறுத்தி வைத்துவிட்டே சொத்தைப் பிரிக்கும் சமுதாயம் நம்முடையது. இராக்கின் விளைநிலங்கள் வெற்றியில் கிடைத்தபோது, அவற்றை அன்றைய வீரர்களுக்கே பங்கிட்டுவிடாமல் பின்வரும் தலைமுறைகளுக்காக நிறுத்தி வைத்தவர் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள். வராதவர்களுக்கும் பங்கு உண்டு என்பது நமக்குப் புதிய பாடம் அன்று.

சர்க்கார் அனுமதி பெற்றவர்

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அதை மறைத்துவிட்டுப் பேசுவது ஆலிமுக்கு அழகன்று. மேற்கண்ட சட்டம் உரிமையின்றிப் பொதுவழியில் தோண்டியவனுக்கு உரியது. தன் சொந்த நிலத்தில் தோண்டியவன், அத்துமீறி நுழைந்து விழுந்தவனுக்குப் பொறுப்பாளி அல்லன் என்பதும் சட்டமே. எண்ணெய் எடுப்பவர்களோ அரசாங்க உரிமம் பெற்று, நிலக்காரரிடம் குத்தகை பேசி, முறைப்படி தோண்டுகிறவர்கள். அவர்களை எப்படி அந்தத் தெருக்கிணற்றுக்காரனோடு சேர்க்க முடியும்?

இதற்கு விடை, மதரஸாக்களில் நாம் ஓதிய குதூரியின் குத்தகைப் பாடத்திலேயே இருக்கிறது. வெற்று மனையை வீடு கட்டவோ மரம் நடவோ குத்தகைக்கு எடுக்கலாம். ஆனால் தவணை முடிந்ததும் கட்டியதையும் நட்டதையும் பெயர்த்து எடுத்து, நிலத்தை வெறுமையாகத் திருப்பி ஒப்படைப்பது குத்தகைதாரரின் கடமை. அனுமதி என்பது பயன் எடுக்கத் தரப்பட்டது. விட்டுவிட்டுப் போகத் தரப்பட்டதன்று. தவணைக்குள் தோண்டியது உரிமை. தவணைக்குப் பின் அதை அப்படியே விடுவது அத்துமீறல். தோண்டும்போது குற்றமற்றவராக இருந்தவர், மூடாமல் போகும்போது தெருக்கிணற்றுக்காரனின் வரிசையில் வந்து நின்றுவிடுகிறார்.

அனுமதிச் சீட்டு எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதை உலகமும் அனுபவித்தே கற்றது. 1995இல் வட கடலில் பிரெண்ட் ஸ்பார் என்ற எண்ணெய் சேமிப்பு மிதவையை ஆழ்கடலில் அமிழ்த்திவிட ஷெல் நிறுவனம் திட்டமிட்டது. பிரிட்டிஷ் அரசின் அனுமதியும் கையில் இருந்தது. ஐரோப்பிய மக்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு ஜூன் மாதம் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. மிதவையில் மிஞ்சியிருந்த எண்ணெயின் அளவைத் தாங்கள் மிகைப்படுத்திச் சொல்லிவிட்டதாகப் போராடிய கிரீன்பீஸ் அமைப்பினர் பின்னர் மன்னிப்புக் கேட்டனர் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயினும் மக்கள் கேட்ட அடிப்படைக் கேள்வி நிலைத்தது. 1998இல் வடகிழக்கு அட்லாண்டிக் கடலோர நாடுகள் கூடி, ஓய்ந்த எண்ணெய் மேடைகளைக் கடலில் கொட்டிவிட்டுப் போகக் கூடாது என்று பொதுவிதி செய்துகொண்டன. மிகப் பெரிய சில அமைப்புகளுக்கு மட்டுமே விலக்கு வைத்தன.

நல்லதை எடுத்துக்கொண்டு கெட்டதை உதறுவது

கனடா நாட்டில் நடந்த ஒரு வழக்கு, நம் பாகப்பிரிவினைச் சட்டத்தைப் படித்துவிட்டு நடத்தியது போல் இருக்கிறது. ஆல்பர்ட்டா மாகாணத்தில் ரெட்வாட்டர் எனர்ஜி என்ற சிறு எண்ணெய் நிறுவனம் 2015இல் திவாலாயிற்று. அதன் சொத்துக்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்ட பொறுப்பாளர், இலாபம் தரும் சில கிணறுகளை மட்டும் வைத்துக்கொண்டு விற்கவும், மூடுவதற்குச் செலவு வைக்கும் ஓய்ந்த கிணறுகளை உதறிவிடவும் நாடினார். விற்ற பணம் கடன் கொடுத்தவர்களுக்குப் போகும். உதறிய கிணறுகள் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும். இத்தகைய கிணறுகளுக்கு அங்கே 'அநாதைக் கிணறுகள்' என்றே பெயர்.

கீழ் நீதிமன்றங்கள் இதற்கு இணங்கின. ஆனால் 2019 ஜனவரி 31 அன்று கனடா உச்ச நீதிமன்றம் அவற்றைப் புரட்டித் தீர்ப்பளித்தது. ஓய்ந்த கிணறுகளை மூடும் கடமை முதலில் நிறைவேற வேண்டும்; அதன் பிறகே மீதி, கடன் கொடுத்தவர்களுக்கு என்றது.

பாகப்பிரிவினைக்கு முன் கடன் என்பதைத் திருக்குர்ஆன் வாரிசுச் சட்டங்களைக் கூறும்போதே திரும்பத் திரும்ப நினைவூட்டுகிறது. நாமும் ஒவ்வொரு வீட்டிலும் பங்கு பிரிக்கும்போது இதைச் சொல்கிறோம். ஆனால் அதை நாம் கடைக்காரர் நோட்டோடு நிறுத்திக்கொள்கிறோம். நல்ல வயலை மூத்தவன் எடுத்துக்கொண்டு, பாழுங்கிணறு இருக்கும் மூலையை 'பொதுவில் கிடக்கட்டும்' என்று விடுவதும் அதே ரெட்வாட்டர் வேலைதானே?

பொதுப்பணம் யாருக்கு?

கடனுடன் இறந்த ஒருவரின் ஜனாஸாவைத் தொழ வைக்கப் பெருமானார் (ஸல்) அவர்கள் தயங்கியதும், அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனுக்குப் பொறுப்பேற்றதும் நாம் அறிந்த செய்தி. பலரும் கவனிக்காத ஒன்று அதன் பின்பகுதி. மறுநாளும் அவர்கள் அக்கடன் என்னவாயிற்று என்று விசாரித்தார்கள். அடைத்துவிட்டேன் என்று அபூகதாதா கூறிய பிறகே இறந்தவருக்கு நிம்மதி கிட்டியதாகச் சொன்னார்கள். பொறுப்பேற்றுவிட்டேன் என்ற வாக்கு ஒன்று. அடைத்துவிட்டேன் என்ற செயல் வேறு.

நம் நாட்டில் எண்ணெய் எடுக்கும் நிறுவனங்கள் தலத்தைச் சீர்செய்வதற்கென்று தனியே ஒரு நிதியில் பணம் போட்டு வைத்தால் வருமானவரியில் கழிவு உண்டு என்ற ஏற்பாடு 1999 முதல் நடைமுறைக்கு வந்தது. நல்ல ஏற்பாடு. கிணறு பால் கொடுக்கும்போதே அதன் கபன் செலவை எடுத்து வைப்பது போன்றது. ஆனால் நிதி இருப்பது பொறுப்பேற்ற வாக்கு. கிணறு மூடப்பட்டு நிலம் நெல் விளையும் நிலைக்குத் திரும்புவதுதான் அடைத்த கடன்.

பின்னாளில் செல்வம் பெருகியபோது, ஏதுமின்றிக் கடனோடு இறந்தவர்களின் கடனைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தாமே ஏற்றார்கள். பைத்துல்மால் ஏழையின் கடனைச் சுமக்கலாம் என்பதற்கு இது ஆதாரம். அமெரிக்காவில் அநாதைக் கிணறுகளை மூட 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் 470 கோடி டாலர் பொதுப்பணம் ஒதுக்கப்பட்டது. கேட்பாரற்ற கிணற்றைப் பொதுப்பணத்தால் மூடுவது அவசியமே. விஷம் கசிய விடுவதை விட அது மேல். ஆனால் ஏழ்மையால் அடைக்க முடியாமல் போனவனும், இலாபத்தை முதலில் பங்கிட்டுக்கொண்டு பிறகு கையை விரித்தவனும் ஒன்றல்லர். முன்னவனின் கடனைச் சுமப்பது இரக்கம். பின்னவனின் கடனைச் சுமப்பது, அவன் ஏழைகளிடம் எடுத்ததற்கு நாமே துணை போவது.

இதைக் கருணாபுரத்து மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் இவ்வூரிலும் சுற்றுப்புறத்திலும் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. விற்றவன் இலாபம் எடுத்தான். இறந்தவர் குடும்பங்களுக்கு அரசு பத்து லட்சம் ரூபாய் வீதம் கொடுத்தது, அது பொதுப்பணம். கொடுத்தது சரியே, அநாதைப் பிள்ளைகள் காத்திருக்க முடியாது. ஆனால் இலாபம் ஒரு கையிலும் நஷ்டம் ஊர் தலையிலும் விழுவதன் கசப்பை இத்தெருக்கள் அறியும்.

நம் வீட்டு விளக்கு

'எண்ணெய்க் கம்பெனியின் பாவம் எண்ணெய்க் கம்பெனிக்கு' என்று வாசகர்கள் இத்துடன் ஏட்டை மூடிவிட வேண்டாம். காவிரிப் படுகையின் எரிவாயுவைக் கொண்டு திருமாக்கோட்டையிலும் குத்தாலத்திலும் தமிழ்நாட்டு மின்வாரியம் மின்நிலையங்கள் அமைத்தது. அந்த மின்சாரம் இன்ன வீட்டுக்கு என்று பிரிந்து வருவதில்லை. எல்லார் வீட்டு விளக்கிலும் அதில் ஒரு துளி எரிந்திருக்கிறது. டெல்டா விவசாயியின் வயலில் போட்ட துளையின் பயனில் கள்ளக்குறிச்சியிலிருக்கும் நமக்கும் பங்கு உண்டு. பயனில் பங்கு உள்ளவனுக்குக் கடனிலும் பங்கு உண்டு.

2020ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கும் திட்டங்களுக்கு அங்கே தடை வந்தது. எல்லாரும் மகிழ்ந்தோம். ஆனால் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தவற்றை அச்சட்டம் தொடவில்லை. புதுக் கடன் வாங்குவதை நிறுத்துவது ஒரு நற்செயல். பழைய கடனை அடைப்பது வேறொரு நற்செயல். முன்னதற்குக் கைத்தட்டல் உண்டு. பின்னதற்கு யாரும் கைதட்டுவதில்லை. கிணறு மூடிய இடத்தில் நெல் முளைத்தால், அங்கே ஒரு கிணறு இருந்ததென்றே பிற்காலத்தவருக்குத் தெரியாது. தெரியாமல் போவதுதான் அக்கடன் முழுமையாக அடைந்ததற்கு அடையாளம்.

சாக்கும் சிமெண்டும்

சகோதரர்களுக்கு நாம் சொன்ன விடை இதுதான். பாதையோரத்தில் இருக்கும் துளை உங்கள் அத்தாவின் நிலத்தில் இல்லை. ஊர் நிலத்தில் இருக்கிறது. அதில் ஏதேனும் விழுந்தால் நஷ்டம் அவருடைய சொத்தைச் சாரும். விழும்வரை காத்திருப்பது, கடன்காரன் மய்யித்தாக வந்து கேட்கட்டும் என்று காத்திருப்பதாகும். ஆகவே பங்குக்கு முன் அதை மூடிவிடுங்கள். மற்ற இரண்டும் உங்கள் சொந்த நிலத்தில் உள்ளவை. அவை குறித்து ஃபிக்ஹுவின் தீர்ப்பு அவ்வளவு கடுமையன்று. ஆனால் கைவிட்ட ஆழ்குழாய்க் கிணறுகளை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணும் கல்லும் இட்டு நிரப்ப வேண்டும் என்று நம் நாட்டு உச்ச நீதிமன்றம் 2010இலேயே கட்டளையிட்டிருக்கிறது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட ஒரு துளைக்குள் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து மாண்டதை நாடே கண்ணீரோடு பார்த்தது. குழந்தைக்கு வரப்பு தெரியாது. சொந்த நிலமா பொது நிலமா என்று பார்க்கவும் தெரியாது.

மூத்தவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அத்தா தண்ணி தேடித்தான் தோண்டினாங்க ஹஜ்ரத், கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்லை" என்றார். "அதனால்தான் மூடச் சொல்கிறோம்" என்றோம். "நல்ல எண்ணத்தோடு ஆரம்பித்த காரியம் அவருக்குப் பாவமாக முடியக் கூடாது அல்லவா? ஒரு குடம் தண்ணீருக்கு அவருக்குக் கிடைக்கும் நன்மையை அந்த மூன்று துளைகள் உறிஞ்சிவிட வேண்டாம்."

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வந்தபோது இளையவரின் கையில் சிமெண்ட் கறை இருந்தது. மூன்றும் மூடியாயிற்று என்றார். பங்குக் கணக்கை மறுபடி எழுதிக் கொடுத்தோம்.

சகோதரர்களே! தோண்டுவதற்கு முன் மூடும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அத்தொகை இல்லையென்றால் தோண்டும் வசதியும் இல்லை என்று பொருள். உங்கள் பெற்றோர் விட்டுச் சென்ற நிலத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். சாக்கால் கட்டிய துளை ஏதும் உண்டா என்று பாருங்கள். அதுவே அவர்கள் பெயரால் நீங்கள் செய்யும் சிறந்த ஈஸால் தவாபாக அமையலாம்.

வல்ல நாயன், நாம் எடுத்த பயனுக்கு நன்றியையும், விட்டுச் செல்லும் கடனுக்கு அச்சத்தையும் நம் உள்ளங்களில் தந்தருள்வானாக! ஆமீன்.